பாப்பா பெயரில் 50 லட்சம்

2022 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. கோயம்புத்தூர் சிங்காநல்லூரில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த 37 வயது டிசைன் இன்ஜினியர் ஷூ லேஸ் கட்டக் குனிந்தார், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. மனைவிக்கு 33 வயது. மகளுக்கு 7, மகனுக்கு இரண்டரை. காரியமெல்லாம் முடிந்து ஐந்தாவது வாரம் அந்த மனைவி ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் ஃபைலோடு, வக்கீலான என் அலுவலகத்துக்கு வந்தார். உடன் மாமியாரும், கணவரின் அண்ணனும் வந்திருந்தார்கள். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள் என்பதை அப்போதே கவனித்தேன். வாரிசுரிமை வழக்குகளில் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கும் குடும்பங்கள் குறைவு.

குடும்பத்தை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். சட்டத்தில் எதையும் மாற்றவில்லை. சின்னக் குழந்தைகள் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இதைப் படித்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான், அவர்களிடம் சம்மதம் கேட்டு எழுதுகிறேன்.

ஃபைலில் இருந்தவை

அவர் பொறுப்பில்லாத மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஃபைலைத் திறந்ததும் எனக்குப் பட்டது நேர் எதிரானது. பிரீமியம் ரசீதுகள் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. வீட்டுக் கடன் தவணை அட்டவணையை அச்செடுத்து, கட்டி முடித்த ஒவ்வொரு மாதத்துக்கும் பென்சிலில் டிக் அடித்திருந்தார். கடைசி டிக் 2022 மே.

2011-ல், கல்யாணத்துக்கு முன்பு, ₹5 லட்சத்துக்கு ஒரு எண்டோமென்ட் பாலிசி (காப்பீட்டோடு சேமிப்பும் சேர்ந்தது) எடுத்திருக்கிறார். நாமினி அம்மா. அதற்குப் பிறகு அதை மாற்றவே இல்லை. 2018 பிப்ரவரியில் ₹50 லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசி (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் வருவது). அதில் நாமினி, அப்போது இரண்டரை வயதான மகள். மைனர் என்பதால் அவள் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு அப்பாயின்ட்டியின் பெயர் வேண்டும். அங்கே அண்ணன் பெயர். மகன் பிறந்தது 2019 டிசம்பரில். அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

அபார்ட்மென்ட் அவர் ஒருவர் பெயரில் இருந்தது. கடன் பாக்கி ₹26 லட்சம், மாதத் தவணை ₹27,500. கடன் வாங்கும்போது வங்கி ஒரு கடன் காப்பீட்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறது. "எனக்குத் தனியாக 50 லட்சத்துக்கு டெர்ம் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்து அதை மறுத்திருக்கிறார். கணக்காகப் பார்த்தால் சரியான முடிவுதான். 50-ல் 26 போனால், மீதி 24 லட்சமும் கடனில்லாத வீடும் குடும்பத்துக்கு. அவர் மனதில் இருந்த திட்டம் இதுதான் என்பது, ஒரு பாலிசி உறையின் பின்பக்கம் அவர் போட்டு வைத்திருந்த கூட்டல் கழித்தலிலேயே தெரிந்தது.

உயில் மட்டும் இல்லை.

மகளை ஏன் நாமினியாகப் போட்டார் என்று மனைவியிடம் கேட்டேன்.

"என் பேர்ல போட்டா, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா வண்டியில போறப்ப ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சாருங்க மேடம். பாப்பா பேர்ல போட்டா எப்படியும் பாப்பாவுக்குப் போய்ச் சேந்துடும்னாரு."

இந்தப் பதிலை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். குழந்தை பெயரில் வைத்துவிட்டால் குழந்தைக்குப் பாதுகாப்பு என்று அன்பான அப்பாக்கள் எல்லோரும் நம்புகிறார்கள். இந்தக் குடும்பத்தின் அடுத்த 17 மாதங்களை அந்த நம்பிக்கைதான் தீர்மானித்தது.

பணம் வந்தது, கைக்கு வரவில்லை

டெர்ம் பாலிசிக்கு க்ளெய்ம் போட்டோம். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: இறந்தவர் 2017-லிருந்தே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்திருக்கிறார், விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை. மனைவி அந்தக் கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்தபோது அவர் கை நடுங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை. காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு இங்கேதான் காப்பாற்றியது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் முடிந்துவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்க முடியாது. இது 4 ஆண்டுகளைத் தாண்டிய பாலிசி. ஒரு பக்கத்தில் பதில் எழுதினேன், பணம் வந்தது. ஆனால் இதே மரணம் 2020 கடைசியில் நடந்திருந்தால், அந்த ஒரு மாத்திரையை மறைத்ததற்காக 50 லட்சமும் போராட்டத்தில் சிக்கியிருக்கும். விண்ணப்பத்தில் ஏஜென்ட் "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக்கலாம் சார்" என்று சொன்னால் கேட்காதீர்கள். சர்க்கரை, பிரஷர், பழைய ஆபரேஷன், சிகரெட் என்று எது இருந்தாலும் எழுதிவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

2022 அக்டோபரில் 50 லட்சமும் அண்ணன் கணக்கில் ஏறியது. அவர் மறுநாளே வங்கிக்குப் போய் முழுத் தொகையையும் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டார். ரசீதை உறையில் வைத்து ஒட்டி, மேலே "பாப்பாவுக்கு" என்று எழுதி, பூஜை அறையில் வைத்தார். சொந்தத் தொழிலில் கடன் நெருக்கடி இருந்தும் அதிலிருந்து ஒரு ரூபாயைக்கூட எடுக்கவில்லை.

வீட்டுக் கடனை அடைக்கலாம் என்று தம்பி மனைவி கேட்டபோது அவர் சொன்னது: "அம்மிணி, அது பாப்பா பணம். நான் தொட மாட்டேன், உன்னையும் தொட விடமாட்டேன்."

சட்டப்படி அவர் சொன்னது சரி. காப்பீட்டுச் சட்டத்தின் 39-வது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அந்தப் பணத்தை அவர்களுக்கே உரியதாகச் சொல்கிறது. அதற்கு முன்பு நிலைமை வேறு. 1984-ல் தொகுக்கப்பட்ட சர்பதி தேவி வழக்கில், நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. புதிய விதியைப் படித்தால் 50 லட்சமும் மகளுடையது. அதை வைத்து அபார்ட்மென்ட் கடனை அடைத்தால், அந்த வீட்டில் நாலில் ஒரு பங்கு மட்டுமே உள்ள ஒரு 7 வயதுக் குழந்தையின் பணத்தில் அம்மா, தம்பி, பாட்டி எல்லோருடைய கடனையும் அடைத்ததாகும். மேஜரான பிறகு அவள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணனிடம் நான் பேசியது வேறு விஷயம். டெபாசிட் அவர் பெயரில் இருந்தது. வட்டி அவர் பான் எண்ணில் வருமானமாக ஏறும். நாளைக்கு அவருக்கே ஏதாவது ஆகிவிட்டால், "பாப்பாவுக்கு" என்று உறையில் எழுதியதை எந்த வங்கியும் படிக்காது. அந்தப் பணம் அவர் மனைவி மக்கள் சொத்தாகத்தான் நிற்கும். இதைச் சொன்னதும் மனிதர் முகம் வெளிறிவிட்டது. அந்த வாரமே மகள் பெயரில், அம்மாவைக் கார்டியனாகப் போட்டு டெபாசிட்டை மாற்றினார். மகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அதன் வட்டியை எடுப்பதில் தடை இல்லை. மகனுக்கு?

இந்தக் கேள்வியை அந்த அம்மா என்னிடம் கேட்கவே இல்லை. ஒரு நாள் பையனை மடியில் வைத்துக்கொண்டு, "இவனுக்கு அப்பா ஒண்ணும் வைக்கலைன்னு வளந்தப்புறம் நெனைப்பானாங்க மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

மாமியாருக்கு வந்த பாலிசி

2011 பாலிசி போனஸோடு சேர்த்து ₹7 லட்சத்துக்கு மேல் வந்தது. நாமினியான மாமியார் கணக்கில் ஏறியது. அவருக்குப் பென்ஷன் கிடையாது, முழங்கால் ஆபரேஷன் பாக்கி இருந்தது. பெற்ற மகனே அம்மா பெயரில் வைத்த பணம், கொடுக்க வேண்டியதில்லை என்று அவர் நினைத்தார். நான் அதைக் குற்றமாகப் பார்க்கவில்லை.

இதே மாதிரி ஒரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு 2025 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. கல்யாணத்துக்கு முன்பு அம்மாவை நாமினியாக்கிய மகன், மனைவியும் குழந்தையும் வந்த பிறகும் அதை மாற்றாமலே இறந்துவிட்டார். வாரிசுகள் உரிமை கேட்டால் நாமினியின் உரிமை அதற்கு வழிவிட வேண்டும் என்று சொல்லி, அம்மா, மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம் நீதிமன்றம் பிரித்தது. 2015 திருத்தத்தை நேராகப் படித்தால் வரும் முடிவு இதுவல்ல. ஆக, நாமினிக்கா வாரிசுக்கா என்ற கேள்வியில் சட்டமே இன்னும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை. அந்த ஓயாத இடத்தில் உங்கள் மனைவியையும் அம்மாவையும் எதிரெதிரே நிறுத்திவிட்டுப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். கல்யாணம் ஆன வாரமே பழைய பாலிசிகளின் நாமினியைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு வைக்க நினைத்தால் தாராளமாக வையுங்கள், தெரிந்து வையுங்கள்.

வீடு

17 மாதத்தில் அந்தப் பெண்ணை அதிகம் அலைக்கழித்தது வீடுதான். கணவர் பி.எஃப்.-பில் மனைவியை நாமினியாகப் போட்டிருந்தார், அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் அதிகபட்சத் தொகையான ₹7 லட்சம் வந்தது. மாதாந்திர விதவைப் பென்ஷனும், இரண்டு பிள்ளைகளுக்கும் அதில் 25% வீதம் குழந்தைகள் பென்ஷனும் தொடங்கின. (பிள்ளைகளின் பென்ஷன் 25 வயது வரை வரும். பல குடும்பங்கள் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.) அவர் மறுபடி ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தார், சம்பளம் ₹16,000. தவணை ₹27,500. வீட்டை விற்று, கடனை அடைத்து, அம்மா வீடு இருக்கும் ஈரோட்டுக்குப் போய்விட முடிவு செய்தார்.

உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அம்மா எல்லோருக்கும் சம பங்கு. முதலில் பங்கு பெறும் முதல் வகுப்பு வாரிசுகளில் அப்பா வர மாட்டார், அம்மா வருவார். தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழில் நாலு பெயர். நாலில் இரண்டு மைனர். வீட்டில் சரிபாதி குழந்தைகளுடையது.

அம்மாதான் கார்டியன், அவர் கையெழுத்துப் போட்டு விற்றால் என்ன என்று வாங்க வந்தவரின் புரோக்கர் கேட்டார். போடலாம், ஆனால் அந்த விற்பனை பின்னால் ரத்தாகலாம். இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, மைனரின் அசையாச் சொத்தை இயற்கைக் கார்டியனான தாயோ தந்தையோகூட நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. மீறி விற்றால், பிள்ளை மேஜரான பிறகு 3 ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். விவரம் தெரிந்த யாரும் அப்படிப்பட்ட பத்திரத்தை வாங்க மாட்டார்கள், வங்கியும் அதற்குக் கடன் தராது.

மாவட்ட நீதிமன்றத்தில், விற்க அனுமதி கேட்டு ஓ.பி. என்கிற மனு போட்டோம். கைடுலைன் மதிப்பு, கடன் பாக்கிக் கடிதம், பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் தாக்கல் செய்தோம். ஒரு நாள் அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். தன் பிள்ளைகளின் நலனுக்காகத்தான் விற்கிறேன் என்று, பெற்ற தாய் சத்தியம் செய்து சொல்ல வேண்டியிருந்தது. நீதிபதி மிகவும் மென்மையாகத்தான் கேட்டார். ஆனாலும் வெளியே வந்து அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "நான் என்னங்க மேடம் தப்புப் பண்ணேன்?"

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்தச் சட்டம் பிள்ளைகளின் சொத்தைத் தின்றுவிடும் பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது, அதற்கு அவசியமும் இருக்கிறது. அப்படிப்பட்ட சித்தப்பாக்களையும் தாய்மாமன்களையும் எதிர்த்து இதே சட்டத்தை வைத்து நான் வாதாடியிருக்கிறேன். நல்ல தாய், கெட்ட தாய் என்று பிரித்துப் பார்க்கச் சட்டத்துக்கு வழியில்லை. அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் இறந்துபோன கணவர் ஒருவர்தான். சொல்வதற்கான காகிதம் உயில்.

உத்தரவு 2023 செப்டம்பரில் வந்தது. அதற்குள் மாமியார் ஒரு நல்ல காரியம் செய்தார். 7 லட்சத்தைத் தானே வைத்துக்கொண்டு, வீட்டில் தனக்குள்ள பங்கை மருமகளுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தார். நவம்பரில் வீடு ₹58.5 லட்சத்துக்குப் போனது. நீதிமன்ற அனுமதி வரும்வரை காத்திருக்க முடியாமல், வாங்க வந்த இரண்டு பேர் விலகியதில் விலை குறைந்தது. அதே மாடியில் பக்கத்து வீடு அந்த ஆண்டு 64-க்குப் போயிருந்தது. கடன் பாக்கி ₹24.5 லட்சத்தைக் கழித்து மீதி ₹34 லட்சம். அதில் பிள்ளைகள் பங்கு ஆளுக்கு ₹8.5 லட்சம் வீதம் தேசியமய வங்கியில் மேஜராகும்வரை டெபாசிட். வட்டியை மட்டும் அம்மா எடுக்கலாம். தாய்க்கு ₹17 லட்சம். 17 மாதத் தவணையாக அவர் கட்டியது ₹4,67,500, கணவரின் இ.டி.எல்.ஐ. காப்பீட்டுப் பணத்திலிருந்து.

அந்த 50 லட்சம் வந்த கையோடு கடனை அடைத்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

என்ன எழுதியிருக்க வேண்டும்

அந்த டெர்ம் பாலிசியை எடுத்தபோது விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்திருக்கும்: திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கிறீர்களா என்று. எம்.டபிள்யூ.பி. என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். 1874-ல் வந்த சட்டம், அதன் 6-வது பிரிவு. திருமணமான ஆண் தன் உயிரின் மேல் எடுக்கும் பாலிசியை மனைவிக்காக, அல்லது மனைவி மக்களுக்காக என்று எழுதிவிட்டால் அது அவர்களுக்கான டிரஸ்ட், அதாவது அவர்களுக்கென்று தனியே ஒதுக்கிவைத்த சொத்து, ஆகிவிடும். கணவர் நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. கணவரின் கடன்காரர் கை வைக்க முடியாது. அவர் விட்டுச் செல்லும் சொத்துக் கணக்கிலும் அது சேராது, அதனால் வாரிசுத் தகராறு அதைத் தொடாது. இதில் நம்மூருக்கு ஒரு பெருமையும் உண்டு. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தப் பிரிவு மற்ற இடங்களில் 1923 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்குத்தான் பொருந்தும், சென்னை மாகாணத்தில் மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்தவற்றுக்கே பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாக இருக்கும் இந்தக் கதவை நம்மில் பெரும்பாலானோர் தட்டியதே இல்லை. தொழில் செய்பவர்கள், கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள் கட்டாயம் தட்ட வேண்டும். பாலிசி எடுக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது.

பயனாளியாக யாரைப் போடுவது? நான் சொல்வது, பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால், மனைவியை மட்டும் போடுங்கள். பிள்ளைகளை நம்பாமல் அல்ல. அவர்களுக்குப் பால் வாங்குவதும் பள்ளிக் கட்டணம் கட்டுவதும் அவர்தான், பணம் அந்தக் கைக்கு நேராகப் போக வேண்டும். மனைவிக்கும் டெர்ம் பாலிசி வேண்டும், வீட்டில் இருப்பவராக இருந்தாலும். அவர் இல்லாமல் போனால் இரண்டரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவுக்கு எடுப்பது என்பதற்கு ஆண்டுச் சம்பளத்தைப் பத்தால் பெருக்கு என்ற வாய்ப்பாட்டை நான் நம்புவதில்லை. கடன் பாக்கி முழுவதும், கடைசிப் பிள்ளை சொந்தக் காலில் நிற்கும்வரை மாதச் செலவு, படிப்புக்கு ஒரு தொகை, இவற்றைக் கூட்டி, கையில் இருப்பதைக் கழியுங்கள். இந்தக் குடும்பத்துக்குக் கடன் 26, மாதம் ₹35,000 வீதம் 20 ஆண்டுக்கு 84, ஆகவே படிப்பைச் சேர்க்காமலே 1 கோடியே 10 லட்சம். வட்டியும் விலைவாசியும் ஒன்றையொன்று ஈடுகட்டும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முன்பு டெர்ம் பாலிசிக்கு 18% இருந்தது. இவ்வளவு பெரிய தொகைக்குக் கட்ட வழியில்லாதவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு ₹436 பிடிக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்திலாவது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்துவிட வேண்டும். ஆளுக்கு ₹2 லட்சம் என்பது சிறு தொகை, ஆனால் முதல் ஆறு மாதத்தைத் தாண்ட உதவும்.

அண்ணனின் காகிதம்

வீடு விற்ற மறுமாதம் அண்ணன் தனியாக வந்தார். அவருக்கு 9 வயதில் ஒரு மகன். "எனக்கு எழுதிக் குடுங்க மேடம். எங்க தம்பிக்கு நடந்தது எங்க பையனுக்கு நடக்கக் கூடாதுங்க."

முத்திரைத்தாள் எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று கேட்டார். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் தொலைந்தது, திருத்தினார்கள் என்ற பேச்சு வராது என்பதால் நான் பதியச் சொல்வேன். கட்டாயம் வேண்டியது எழுதுபவரின் கையெழுத்தும், அவர் கையெழுத்திடுவதை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும்தான். சாட்சி சொத்தில் எதுவும் பெறாதவராக, எழுதுபவரைவிட வயதில் குறைந்தவராக இருப்பது நல்லது. அவர்கள்தான் என்றாவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும்.

அவருக்காக எழுதிய உயிலின் நடுப்பகுதி இது:

"என் மறைவுக்குப் பின் என் அசையும் அசையாச் சொத்துகள் முழுவதும் என் மனைவியை மட்டுமே சேர வேண்டியது. என் தாயாருக்கு அவர் ஆயுள்வரை மாதம் ரூ.10,000 என் மனைவி கொடுத்துவர வேண்டியது. என் மனைவி எனக்கு முன்போ, என்னோடு ஒரே நிகழ்விலோ, எனக்குப் பின் 30 நாட்களுக்குள்ளோ காலமானால், மேற்படி சொத்துகள் என் மகனின் நன்மைக்காகக் கீழ்க்கண்ட டிரஸ்டியைச் சேர வேண்டியது. சொத்துகளை விற்கவும், கடனை அடைக்கவும், என் மகனின் படிப்பு, மருத்துவம், பராமரிப்புக்குச் செலவு செய்யவும் டிரஸ்டிக்கு முழு அதிகாரம் உண்டு. மகனுக்கு 25 வயது நிறைந்ததும் மீதியை அவனிடம் ஒப்படைக்க வேண்டியது."

முதல் வரியே தம்பியின் குடும்பத்துக்கு இல்லாமல் போன வரி. எல்லாம் மனைவிக்கு என்று ஆகிவிட்டால் மைனர் பங்கு என்ற பேச்சே இல்லை, ஓ.பி.-யும் இல்லை. அம்மாவின் பங்கு போய்விடுகிறதே என்று அவர் வருத்தப்பட்டதால் இரண்டாவது வரியை எழுதினோம். மூன்றாவது வரி, தம்பி பயந்த அந்த ஒரே வண்டி விபத்துக்கு. சொத்தை நேராக மைனர் மகனுக்கு எழுதினால் மறுபடி 8-வது பிரிவில் போய் நிற்போம், அதனால்தான் விற்கும் அதிகாரத்தோடு ஒரு டிரஸ்டி. 25 வயது என்பது நான் எல்லோருக்கும் சொல்வது. 18 வயதுப் பையன் கையில் மொத்தத் தொகையும் போவதில் எனக்கு விருப்பமில்லை.

மகனை வளர்க்கும் கார்டியன் யார் என்பதும் உயிலில் இருக்கிறது. அப்பா உயிலில் யாரை நியமித்தாலும் அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த நியமனம் நடைமுறைக்கு வராது, அம்மாவும் ஒருவரை எழுதாமல் போய்விட்டால்தான் வரும். கணவர் போன பின் அம்மாவே தன் உயிலில் வேறொருவரை நியமிக்கலாம். அதனால் கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்து, தனித்தனி உயிலில் ஒரே பெயரை எழுத வேண்டும். பெயர் எழுதுவதற்கு முன்பு அந்த ஆளிடம் கேட்டுவிடவும் வேண்டும்.

இதுவரை சொன்னது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, பிள்ளைகள் இருந்தால் தாய்க்குப் பங்கில்லை. கல்யாணத்துக்கு முன்பு எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, அதனால் அவர்களுக்கு எம்.டபிள்யூ.பி. பாலிசி இன்னும் முக்கியம்.

டிரஸ்டி, கார்டியன் இரண்டு இடத்திலும் யார் பெயரை எழுதட்டும் என்று கேட்டேன். தொழில் கூட்டாளி, மச்சினன் என்று யாராவது வருவார்கள் என்று நினைத்தேன்.

"தம்பி சம்சாரத்தைப் போடுங்க. கோர்ட்டு, பேங்கு, தாலுகா ஆபீஸ் எல்லாத்தையும் ஒத்தையாப் பாத்தது அதுதானுங்க."

கையெழுத்து நாளன்று தம்பி மனைவியும் ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். உயிலில் பெயர் உள்ளவர்கள் அறையில் இருக்க வேண்டாம் என்று நான் வெளியே உட்காரச் சொன்னேன். பெஞ்சில் பையன் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தான், பெண் சாமிநாதபுரம் கடையில் வாங்கிய பஜ்ஜிக் காகிதத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். உள்ளே அண்ணன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் முதல் கேள்வி: "அம்மிணி, நீ எப்ப எழுதப் போறே?"

"எழுதிட்டேனுங்க மாமா. போன மாசமே."

அதுவும் என்னிடம்தான் எழுதினார். கார்டியன் இடத்தில் தன் தங்கை, பணத்துக்கு டிரஸ்டியாகக் கணவரின் அண்ணன். தனக்கு வந்த 17 லட்சத்தில், மகனுக்குக் கூடுதல் பங்கு என்று ஒரு வரி, அதற்குக் காரணமும் அவர் சொல்லச் சொல்ல எழுதியது: "இவன் தந்தையார் பாலிசி எடுத்தபோது இவன் பிறக்கவில்லை. விடுபட்டது அதனால் மட்டுமே."

நீதிமன்ற உத்தரவுப்படி போட்ட இரண்டு டெபாசிட் ரசீதுகளின் நகலும் அந்தப் பச்சை ஃபைலில் இருக்கின்றன. மகளுடையது 2033-லும் மகனுடையது 2037 டிசம்பரிலும் முதிரும்.